ஊறும் தாளில் ஒரு மன்னிப்பு

படார்!

கதவு சாத்தப்பட்ட வேகத்தில் கூடத்துச் சுவர்க் கடிகாரம் ஆணியில் ஒருமுறை ஆடி நின்றது. உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த இரட்டைக் குழந்தைகள் இருவரும் ஒரே சுருதியில் அலற ஆரம்பித்தார்கள்.

மனைவி பால்கனிக்கு ஓடினாள். கீழே தெருவில், சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு அவளுடைய அம்மா போய்க்கொண்டிருந்தார்.

"அம்மா! நில்லும்மா! அம்மா!"

அம்மா நிற்கவில்லை. பெட்டியின் ஒரு சக்கரம் மட்டும் 'கீச் கீச்' என்று பதில் சொல்லிக்கொண்டே தெருமுனை திரும்பியது.

நாலு பத்துக்கு வந்தவர் நாலு முப்பத்தைந்துக்குக் கிளம்பிவிட்டார். ஆறு மாதம் தங்குவதாக ஏற்பாடு. மீட்டர் பார்க்க வருகிற மின்வாரியத்து ஆள்கூட அந்த வீட்டில் இதைவிட அதிக நேரம் இருந்திருக்கிறார்.

சாப்பாட்டு மேசையின் முன்னால் மருமகன் உட்கார்ந்திருந்தார். தொழில் பல் மருத்துவம். கையில் மூடி கழற்றிய இங்க் பேனா. எதிரே ஒரு வெள்ளைத் தாள். அதில் 'சோதனை' என்று ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லின் ஒவ்வொரு எழுத்துக்கும் நாலு பக்கமும் நீல முடி முளைத்திருந்தது.

"இப்ப நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்றார்.

மனைவி ஒரு குழந்தையை இடுப்பிலும் இன்னொன்றைத் தோளிலும் ஏற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க. உங்க காதால நீங்களே கேளுங்க."

"தாள் இங்க்கை உறிஞ்சுதுன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"பல் பிடுங்கின இடத்துல பஞ்சுக்குப் பதிலா இதை வெக்கலாம் அத்தைன்னு... அது ஒரு டெக்னிகல் கருத்தும்மா."

"யார்கிட்ட சொன்னீங்க?"

டாக்டர் பேனாவை மூடினார். யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அவருடைய மாமியார் ஒரு காகித மில்லில் இருபத்தெட்டு வருடம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். கிழித்துப் பார்ப்பது, மடித்துப் பார்ப்பது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, கடைசியில் முத்திரை குத்துவது. அவர் முத்திரை விழாமல் ஒரு லாரிகூட மில்லை விட்டு வெளியே போனதில்லை. போன மாதம் ஓய்வு பெற்றபோது, இயக்குநர்கள் கடிதம் எழுத மட்டும் பயன்படுத்தும் உயர்ரகத் தாளில் ஒரு ரீம், ஐந்நூறு தாள், பரிசாகக் கொடுத்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மில்லின் யானைச் சின்னம் உள்ளே தெரியும். அதைப் பிரிக்கக்கூட இல்லை அவர். 'மாப்பிள்ளைதான் இங்க் பேனாவில எழுதறவர், அவருக்கு' என்று துணிமணிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துச் சுமந்து வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு எடுத்து நீட்டியிருந்தார்.

நீட்டினால் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? அதுதான் டாக்டரால் முடியாத காரியம். அவரிடம் பதினோரு இங்க் பேனாக்கள் உண்டு. மருந்துக் கடைக்காரர்கள் தடவித் தடுமாறாமல் படிக்கும் ஒரே மருத்துவர் கையெழுத்து அவருடையது. ஒரு நோட்டு வாங்குவதற்குள் தாளை முகர்ந்து பார்ப்பார், நகத்தால் சுண்டிக் கேட்பார், கடைசிப் பக்கத்தில் 'சோதனை' என்று எழுதி, திருப்பிப் போட்டு, பின்பக்கம் தெரிகிறதா என்று பார்ப்பார். மூன்று கடைகளில் 'வேற கடையைப் பாருங்க சார்' என்று சொல்லியிருக்கிறார்கள். அவரைப் பொறுத்தவரை ஊறுகிற தாளை ஊறுகிறது என்று சொல்வது, சொத்தைப் பல்லைச் சொத்தை என்று சொல்வது மாதிரி. பல்லுக்குச் சொந்தக்காரர் மனசு நோகுமா என்று யார் பார்க்கிறார்கள்?

"திங்கக்கிழமை காலையில ஆறு மணி. ஞாபகம் இருக்கா?" என்றாள் மனைவி.

இருந்தது. மனைவி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். பத்து மாடி உயரக் கூண்டில் உட்கார்ந்து, லாரியளவு பெரிய இரும்புப் பெட்டிகளைத் தூக்கி, கோழிமுட்டையை வைப்பதுபோலப் பதமாகக் கப்பலில் வைப்பாள். குழந்தைகளுக்காக எடுத்த இரண்டு வருட விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கள் காலை ஆறு மணிக்குக் கூண்டில் இல்லையென்றால், அந்தக் கிரேன் பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். இவளுக்குக் கீழே அலுவலகத்தில், ஜன்னல் இல்லாத அறையில், சீட்டு கிழிக்கும் நாற்காலி. குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்க ஆறு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆறு மாதத்தைத்தான் டாக்டர் இருபத்தைந்து நிமிடத்தில் முடித்து வைத்திருந்தார்.

மனைவி போன் செய்தாள். அம்மா எடுக்கவில்லை. பதினேழாவது தடவைக்குப் பிறகு ஒரு செய்தி மட்டும் வந்தது.

'எதுவானாலும் எழுத்தில். அதே தாளில். இங்க் பேனாவில்.'

டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். "இது என்னம்மா, கோர்ட் உத்தரவு மாதிரி?"

"மில் வழக்கம். அவங்க தாளைப் பத்தி யாராவது குறை சொன்னா, வாயால சொன்னா எடுத்துக்க மாட்டாங்க. எந்தத் தாளைக் குறை சொல்றாங்களோ அதுலயே எழுதி அனுப்பணும். அப்பதான் ஆளும் உண்மையா, தாளும் அதேதானான்னு தெரியுமாம். நீங்க மன்னிப்புக் கேக்கப் போறதும் அந்த வழியாத்தான்."

"எழுதிடறேன். அதுக்கென்ன, அஞ்சு நிமிஷம்."

பேனாவை எடுத்து 'அன்புள்ள அத்தைக்கு' என்று எழுதினார். 'அத்தை' ஊறி, நீலக் கம்பளிப் பூச்சி ஊர்வது மாதிரி ஆகிவிட்டது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதை அனுப்பினா, 'பாத்தீங்களா, நான் சொன்னது சரிதானே'ன்னு நிரூபிச்ச மாதிரி இருக்கும்" என்றாள் மனைவி.

"பால் பாயிண்ட்ல?"

"இங்க் பேனான்னு போட்டிருக்காங்க. படிக்கத் தெரியலையா? ஊறாம எழுதுங்க. பதினோரு பேனா வெச்சிருக்கீங்களே, எதுக்கு? அழகுக்கா?"

*

வெள்ளிக்கிழமை காலை, க்ளினிக் திறப்பதற்கு முன்னால், டாக்டர் காகிதக் கடைக்குப் போனார். அவரை இன்னும் விரட்டாமல் வைத்திருந்த ஒரே கடை அது. கடைக்காரருக்கு ஊருக்குள் 'ஜிஎஸ்எம் அண்ணன்' என்று பெயர். தாளின் கனத்தைச் சொல்லும் அந்தக் கணக்கிலேயே உலகத்தை எடை போடுகிறவர். பக்கத்துக் கடைக்காரர் அறுபது ஜிஎஸ்எம், காற்றடித்தால் பறந்துவிடுவார். தன் மச்சான் முந்நூறு ஜிஎஸ்எம், அட்டை.

அண்ணன் யானைத் தாளை வாங்கி, காதருகே வைத்து உதறினார். மூலையைக் கிழித்தார். கிழித்த துண்டை நாக்கு நுனியில் ஒட்டி எடுத்தார்.

"ஒட்டிக்கிச்சு பாத்தீங்களா? கஞ்சி பத்தல டாக்டர். சட்டைக்குக் கஞ்சி போடற மாதிரிதான் தாளுக்கும். போட்டா இங்க் மேலயே நிக்கும். போடலைன்னா உள்ள இறங்கி ஊரெல்லாம் சுத்தும். பாக்க ராஜா மாதிரி இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல. யாரு குடுத்தது?"

"மாமியார்."

அண்ணன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். "மாமியாரா? எத்தனை ஜிஎஸ்எம்?"

"நல்ல கனம்."

"மடிச்சா மடிப்பு விழுமா?"

"விழாது. உடைஞ்சிடும்."

"சிக்கல்தான்." அண்ணன் யோசித்தார். "நல்ல தாளு இருக்கு, எடுத்துக்கங்களேன். கண்ணாடி மாதிரி வழுக்கும். எழுதினா எழுத்து உக்காந்து உங்களைப் பாத்துச் சிரிக்கும்."

"இதுலதான் எழுதணும் அண்ணே. உத்தரவு."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. ஊசி மாதிரி நிப்பு ஒண்ணு தரேன். இரும்புச் சத்து போட்ட இங்க்கு ஒரு பாட்டில் தரேன், அது கொஞ்சம் வறண்டது, சீக்கிரம் பரவாது. கையை அழுத்தாதீங்க. மூச்சு விடாதீங்க. மீதியை மாமியார் பாத்துக்குவாங்க."

டாக்டர் அங்கேயே நின்றபடி எழுதிப் பார்த்தார். ஊசி நிப் தாளைக் கீறி, அதன் நாரிழையைக் கொத்தி இழுத்து, அதையே வாயில் கவ்விக்கொண்டு நின்றது. வரிசை வரிசையாகக் கோழி கிளறிய மாதிரி இருந்தது. ஆனால் நீல முடி கொஞ்சம் குறைந்திருந்தது.

"முன்னேற்றம்தான்" என்றார் அண்ணன். "இப்ப மன்னிப்புக் கேக்கற மாதிரி இல்ல, மிரட்டற மாதிரி இருக்கு."

*

க்ளினிக்கில் முதல் நோயாளி ஒரு பஸ் கண்டக்டர். கடைவாயில் ஊசி போட்டு, மரத்துப்போகப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் டாக்டருக்கு ஒரு யோசனை பிறந்தது.

பல் சொத்தை விழாமலிருக்க மேலே பூசுகிற வார்னிஷ் ஒன்று உண்டு. பல்லின்மேல் மெல்லிய தோல்போல் பிடித்துக்கொண்டு, எதையும் உள்ளே விடாது. பல்லைக் காப்பாற்றுகிற சமாச்சாரம் தாளைக் காப்பாற்றாதா?

சின்னத் தூரிகையை எடுத்து, யானைத் தாளைக் கருவித் தட்டில் பரப்பி, மேல் விளக்கை இழுத்து வைத்துப் பூச ஆரம்பித்தார். அறை முழுக்கப் புதினா வாசனை பரவியது.

வாயைத் திறந்தபடி கிடந்த கண்டக்டர் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தார். "டாக்டர்... எனக்குத்தானே வைத்தியம்? பேப்பருக்கா?"

"உங்களுக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு."

நர்ஸம்மா கதவருகே நின்று தலையில் அடித்துக்கொண்டார். "நேத்து தலையில அடிக்கிற ஹேர் ஸ்ப்ரேயை இந்தத் தாள்மேல அடிச்சாராம். வீட்டம்மா போன்ல சொன்னாங்க. குழந்தை ஒண்ணு அதை நக்கப் போச்சாம்."

"நர்ஸம்மா, நோயாளி முன்னாடி..."

"நோயாளிதான் டாக்டர் உங்களைப் பத்திக் கவலைப்படறாரு."

வார்னிஷ் காய்ந்தது. டாக்டர் பேனாவைத் திறந்து ஒரு கோடு போட்டார். ஊறவில்லை! துளிகூட ஊறவில்லை. கோடு மணிமணியாகத் திரண்டு, தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு, தாளின் விளிம்பைத் தாண்டி, டாக்டரின் வெள்ளைக் கோட்டின் மடியில் போய் விழுந்தது. அங்கே மட்டும் நன்றாக ஊறியது.

மரத்துப்போன பாதி உதட்டோடு கண்டக்டர் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகவே போனது.

"டாக்டர், ஓடற பஸ்ஸுல நின்னுக்கிட்டு இருவது வருஷமா எழுதறவன் நான். பேனா நின்னாத்தான் இங்க்கு இறங்கும். நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா அது எங்க ஊறும்? யோசிச்சு யோசிச்சு எழுதறீங்க போல. நிப்பை வெச்சுக்கிட்டு யோசிக்காதீங்க. யோசிச்சிட்டு வந்து எழுதுங்க."

டாக்டர் மடியில் பரவிய நீலத்தைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். நேற்றைய 'அத்தை'யில் எந்த இடம் மோசமாக ஊறியிருந்தது? எழுதிவிட்டு, அடுத்து என்ன எழுதுவது என்று நிப்பைத் தூக்காமல் விட்டத்தைப் பார்த்த இடம்.

"வாயைத் திறங்க" என்றார் மரியாதையாக. அன்று கண்டக்டருக்கு அடைத்த பல் அந்த க்ளினிக்கின் சரித்திரத்திலேயே அழகான பல்.

*

சனிக்கிழமை க்ளினிக்குக்கு விடுமுறை விட்டார். காலையிலிருந்து மேசையில் உட்கார்ந்து, நிற்காமல் எழுதிப் பழகினார். மனைவி குழந்தைகளுக்குச் சோறூட்டியபடியே ஒவ்வொரு தாளாக வாங்கிப் பார்த்தாள்.

முதல் தாள்: 'அன்புள்ள அத்தைக்கு, வியாழக்கிழமை நடந்த சம்பவத்துக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்.'

மனைவி தாளை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். "'மனப்பூர்வமாக'ங்கிற இடத்துல பட்டாணி அளவுக்கு ஒரு பொட்டு."

"அது... கை கொஞ்சம் நின்னுடுச்சு."

"ஏன் நின்னுச்சு?"

டாக்டர் நிப்பைத் துடைத்துக்கொண்டார். அடுத்த தாளை எடுத்தார்.

இரண்டாவது தாள்: 'தங்கள் மில்லின் தாள் உலகத்தரம் வாய்ந்தது என்பதை நான் அறிவேன்.'

"'உலகத்தரம்' மொத்தமும் குளம். உள்ள மீன் விடலாம். கூசாம பொய் சொல்லணும்னாக்கூட உங்களால முடியல. கை காட்டிக் குடுக்குது."

"தாள் காட்டிக் குடுக்குது" என்று திருத்தினார் டாக்டர்.

"ரெண்டும் சேந்துதான்."

மூன்றாவது தாளில் 'சம்பவம்' என்ற சொல்லிலேயே சிறு பொட்டு. "சம்பவமாம். அது என்ன, ரயில் தடம் புரண்டதா? 'நான் சொன்னது'ன்னு எழுதக் கை வரலை பாருங்க." நான்காவது தாளில் 'தவறாக எடுத்துக்கொண்டிருந்தால்' என்று ஆரம்பித்தார். மனைவி கடைசி வரை படிக்கவே இல்லை. "அவங்க தவறா எடுத்துக்கல, நீங்க தவறாத்தான் குடுத்தீங்க" என்று தாளை இளைய குழந்தையின் கையில் கொடுத்துவிட்டாள். அது கசக்கி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பியது.

மத்தியானத்துக்குள் முப்பத்தொரு தாள் காலி. எந்தப் பல்லில் எங்கே வலி என்று டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வதுபோல, மனைவி பொட்டைப் பார்த்து அவர் எங்கே மழுப்பினார் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அறையெங்கும் நீலப் பொட்டு வைத்த தாள்கள். அம்மை போட்ட மாதிரி.

மூன்று மணிக்கு மனைவி ஓய்ந்துபோனாள்.

"விடுங்க" என்றாள். கோபம்கூட இல்லை. "நான் ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன், கிரேனை வேற யாருக்காவது குடுத்துடுங்கன்னு. சீட்டு கிழிக்கிறதும் வேலைதானே. அது ஒன்பது மணிக்குத்தான். ஆளுக்குப் பாதி நாள் பாத்துக்கலாம்."

அலமாரியைத் திறந்து, இரண்டு வருடமாக மடித்து வைத்திருந்த கிரேன் கையுறைகளை எடுத்தாள். வெள்ளிக்கிழமையே துவைத்து, காய வைத்து, விரல் விரலாக நீவி வைத்திருந்தவை. அவற்றைத் திரும்ப உள்ளே, போர்வைகளுக்கு அடியில் தள்ளிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு நடந்தாள்.

"இரு" என்றார் டாக்டர்.

அவள் திரும்பினாள். டாக்டர் தலையைத் தூக்கவில்லை. பேனா ஓடிக்கொண்டிருந்தது. விட்டத்தைப் பார்க்கவில்லை, நிப்பைத் துடைக்கவில்லை, மூச்சுவிட்டதாகக்கூடத் தெரியவில்லை. மூத்த குழந்தை மேசையின் காலைப் பிடித்து ஆட்டியது. மேசை ஆடியது, பேனா நிற்கவில்லை. ஓடற பஸ்ஸில் எழுதுவது மாதிரி எழுதி முடித்து, பேனாவைத் தூக்கி, தாளை மனைவியிடம் நீட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

அதில் இருந்தது இவ்வளவுதான்:

'அத்தை, நீங்கள் அந்தத் தாள்களை நீட்டியபோது நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் அவசரம். வாயைத் திறக்கச் சொல்வதே என் தொழில், என் வாயை மூட எனக்குத் தெரியவில்லை. இந்தத் தாள் ஊறுகிறது, அதில் மாற்றமில்லை. ஆனால் யாரும் எனக்கென்று ஐந்நூறு தாளை இவ்வளவு தூரம் சுமந்து வந்ததில்லை. உங்கள் மகள் திங்கட்கிழமை கிரேன் ஏறவேண்டும். அவள் மேலே போய்விட்டால் இரண்டு குழந்தைகளையும் நான் எப்படிச் சமாளிப்பேன் என்று பயமாக இருக்கிறது. வாருங்கள்.'

மனைவி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். எழுத்துகளில் நீல முடி இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு பொட்டுகூட இல்லை. திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில்கூட எதுவும் தெரியவில்லை.

"'ஊறுகிறது'ன்னு அதையும் எழுதிட்டீங்களே!"

"எழுதாம விட்டா அங்க கை நின்னிருக்கும்."

மனைவி கையிலிருந்த போனை மேசையில் வைத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "இவ்வளவு நேரம் இதை எங்க வெச்சிருந்தீங்க? அநியாயத்துக்கு முப்பத்தொரு தாள் பாழ்."

*

ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு பஸ் மாறி, டாக்டர் மாமியாரின் குடியிருப்புக்குப் போனார். கடிதம் கசங்காமலிருக்க எக்ஸ்ரே உறைக்குள் அட்டை வைத்துப் போட்டிருந்தார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் உறையைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷனா சார்?" என்று அனுதாபத்தோடு கேட்டார். "அப்படித்தான்னு வெச்சுக்கங்க" என்றார் டாக்டர்.

மூன்றாவது மாடி. மணியடித்தார். கதவு திறந்தது.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. லாரியை உள்ளே விடுவதா வேண்டாமா என்று பார்க்கிற முகம்.

கதவுக்குப் பக்கத்திலேயே அந்தச் சக்கரப் பெட்டி நின்றுகொண்டிருந்தது. பிரித்த மாதிரித் தெரியவில்லை.

டாக்டர் உறையிலிருந்து தாளை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். மாமியார் வாங்கினார். படிக்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போனார். தாளைத் தூக்கிப் பிடித்து, யானை இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. விரல் நுனியால் பின்பக்கத்தை மேலிருந்து கீழாகத் தடவினார். அதன் பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

டாக்டருக்கு நோயாளிகளின் நிலைமை அன்றைக்குத்தான் புரிந்தது. நாற்காலியில் சாய்ந்து, மேல் விளக்கைப் பார்த்துக்கொண்டு, இப்போது என்ன எடுக்கப் போகிறார்களோ என்று கிடக்கிற நிலைமை.

"கை எங்கயும் நிக்கலையே" என்றார் மாமியார்.

"நிக்கல அத்தை."

"இந்தத் தாள்ல நிக்காம எழுதறது கஷ்டமாச்சே. யாரு எழுதிக் குடுத்தது? அவளா?"

"நானேதான் அத்தை. அவ முப்பத்தொரு தடவை வேண்டாம்னு சொன்னா, அவ்வளவுதான்."

"முப்பத்தொரு தாளா?" மாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பஞ்சுக்குப் பதிலா வெச்சிருந்தா முப்பத்தொரு பல்லுக்கு ஆகியிருக்கும்."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மாமியாரின் உதட்டோரம் லேசாக ஆடியது. சிரிப்பு வெளியே வருவதற்குள் அடுக்களைப் பக்கம் திரும்பிவிட்டார்.

"உக்காருங்க. ஒரு வாய் காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம். நாளைக்கு ஆறு மணிக்கு அவ கூண்டுல இருக்கணும்னா, நாலரைக்கே வீட்ல எல்லாம் ஓடணும். குழந்தைங்க துணியெல்லாம் எங்க இருக்குன்னு நீங்க எனக்குக் காட்டணும். உங்களுக்குத் தெரியுமா, இல்ல அதுக்கும் பயமா?"

"தெரியும் அத்தை. ஏறக்குறைய."

டாக்டர் மூன்று நாளுக்குப் பிறகு முதல்முறையாக முழு மூச்சு விட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காபிக்கு இடம் பண்ணலாமென்று மேசையைப் பார்த்தார். அங்கே ஓர் இங்க் பேனா. அதன் கீழே பாதி எழுதிய ஒரு கடிதம்.

அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் முதல் வரியே 'மாப்பிள்ளைக்கு' என்று இருந்தால் என்ன செய்வது?

'மாப்பிள்ளைக்கு, பெட்டியை நான் இன்னும் பிரிக்கவில்லை. அவள் வேலைக்குப் போகவேண்டும் என்பதை நான் மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். யாராவது ஒருவர் வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டால்...'

அதோடு நின்றிருந்தது. ஆனால் டாக்டரின் கண் வார்த்தைகளில் இல்லை. எழுத்துகளில் இருந்தது. என்ன எழுத்துகள்! ஒவ்வொரு சுழியும் சீப்புப் பல் மாதிரித் துல்லியமாக நின்றது. ஒரு முடி இல்லை, ஒரு பொட்டு இல்லை. யோசித்து நிறுத்தியிருந்த கடைசிப் புள்ளிகள்கூட உருண்டையாக, மேலேயே உட்கார்ந்திருந்தன. பின்பக்கத்தைத் திருப்பினார். பளிச்சென்று வெறும் வெள்ளை.

கை தன்னாலேயே தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கியது. உள்ளே யானையைக் காணோம். ஒற்றைக் காலில் ஒரு கொக்கு நின்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், மாமியாரின் மில்லுக்கு நேர் எதிரே புகைவிட்டுக்கொண்டிருக்கும் போட்டி மில்லின் சின்னம் அது.

காபித் தம்ளரோடு மாமியார் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அத்தை," என்றார் டாக்டர், தாளைத் தூக்கிப் பிடித்தபடியே, "இது நம்ம மில் தாள் இல்லையே?"

மாமியார் காபியை மேசையில் வைத்தார். போய் ஜன்னலைச் சாத்தினார். பக்கத்து வீட்டுச் சுவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"மெதுவாப் பேசுங்க மாப்பிள்ளை. இருபத்தெட்டு வருஷம் நம்ம தாளைச் சோதிச்சுப் பாத்தவ நான், எனக்குத் தெரியாதா எதுல எழுதணும்னு?"